பார்வோனின் களஞ்சியமும் நந்தனின் வயலும்

வைத்தீசுவரன்கோயிலிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் போனால் திருப்புன்கூர். அங்கே சிவலோகநாதர் கோயிலில் நந்தி சன்னதிக்கு நேராக இருக்காது, சற்றே ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். உள்ளே வர முடியாத நந்தன் வெளியிலிருந்து எட்டிப் பார்த்தான், நந்தி மறைத்தது, சிவன் விலகச் சொன்னார், விலகியது. எங்கள் பக்கத்தில் இந்தக் கதை தெரியாத பிள்ளை கிடையாது. சின்ன வயதில் இதைக் கேட்டபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நந்தி விலகியது, சரி. நந்தனை உள்ளேயே கூப்பிட்டிருக்கலாமே? கேட்டதற்கு வீட்டில் பதில் இல்லை, 'வாயை மூடு' என்றார்கள்.

பெரியவர்கள் சமூகத்தை மாற்றினார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மகான் வந்தார், சொன்னார், ஊர் திருந்தியது என்று பாடப்புத்தகம் முடித்துவிடும். காவிரிப் படுகையில் நடந்ததைப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. இங்கே எந்தப் பெரியவரும் வந்த மாதிரியே நிலைக்கவில்லை. வெளியிலிருந்து வந்தவரானாலும் உள்ளூர்க்காரரானாலும், இந்த மண் அவரை இரண்டு கேள்வி கேட்டது: நெல் யாருடையது, நிலம் யாருடையது? பதில் பிடிக்காதபோது ஆளையே மாற்றி எழுதிக்கொண்டது.

நந்தனையே எடுத்துக்கொள்வோம். சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் அவருக்குக் கொடுத்தது ஒரே வரி: 'செம்மையே திருநாளைப் போவார்க்கும் அடியேன்'. அதில் ஊர் இல்லை, தொழில் இல்லை, கதையும் இல்லை. நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டு பாடினார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார்தான் அதை முப்பதுக்கும் மேற்பட்ட பாட்டாக விரித்தார். கொள்ளிடக் கரையில் ஆதனூர், அதன் புலைப்பாடி, குடிசைக் கூரை, கோழிக் குஞ்சு, நாய்க்குட்டி எல்லாம் அவர் பாட்டில் வருகின்றன. நந்தன் கோயில் முழவுக்குத் தோலும் வாரும் கொடுக்கிறான், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுக்கிறான். சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதையும் சேக்கிழார் மறக்காமல் சொல்கிறார்: 'ஊரில் விடும் பறைத்துடவை'. ஊர் ஊழியத்துக்காக விட்ட நிலம். அந்த விளைச்சலில் பிழைத்துக்கொண்டு சிவனை நினைத்தவன் அவன். சேக்கிழாரின் நந்தனுக்கு ஆண்டை கிடையாது. அவனைத் தடுப்பது தன் பிறப்பைப் பற்றிய கூச்சம். 'நாளைப் போவேன், நாளைப் போவேன்' என்று அவனே தள்ளிப்போடுகிறான்.

ஆண்டை வந்து சேர்ந்தது எழுநூறு வருஷம் கழித்து. நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் பிறந்து, மாயவரத்துக்கு அருகே ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதி 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' பாடினார். அதில் நந்தன் ஒரு வேதியரின் பண்ணையாள். சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான். ஆண்டை ஏசுகிறார், வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். ஒரே இராத்திரியில் வயல் முழுக்க வேலை முடிந்துகிடக்கிறது, சிவன் செய்துகொடுத்துவிட்டார். அப்புறம் ஆண்டை காலில் விழுகிறார்.

பாரதி ஏன் ஆண்டையைச் சேர்த்தார்? அவர் கண்ணெதிரே இருந்த தஞ்சாவூர் சீமை அப்படித்தான் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் 'பறைத்துடவை' என்று பாடினால் கேட்பவருக்கு விளங்காது. பண்ணை, மிராசு, காரியக்காரர் என்றால் உடனே விளங்கும். பாரதியே பிராமணர். அவர் புரட்சி செய்யக் கிளம்பியதாக எனக்குத் தோன்றவில்லை. கேட்பவர் நெஞ்சைத் தொடுகிற காலட்சேபத்துக்குப் பொருள் தேடினார், அக்கம்பக்கத்து வயலில் அது கிடைத்தது. ஆனால் கச்சேரி மேடையில் ஆண்டை பேசும் பேச்சைப் பாட்டாகக் கேட்ட மிராசுதார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள் என்பதும் உண்மை. மறுநாள் காலையில் களத்தில் அதே பேச்சைத் தாங்களே பேசினார்கள் என்பதும் உண்மைதான்.

அந்தப் புத்தகம் அச்சேறியதும் ஒரு தனிக் கதை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாரதி சிறப்புப்பாயிரம் கேட்டு நடையாய் நடந்தார். இலக்கணப் பிழை இருக்கிறது என்று பிள்ளை தட்டிக்கழித்தார். ஒருநாள் காத்திருந்த பாரதி திண்ணையில் உட்கார்ந்து தன் பாட்டைத் தானே பாட, உள்ளே படுத்திருந்த பிள்ளை மனம் இளகி எழுதிக் கொடுத்தார். 1860-களின் தொடக்கத்தில் அது அச்சாவதற்குக் கைகொடுத்தவர் காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சு அதிகாரி. புலையர் சேரியில் பிறந்தவனின் கதை, பிராமணர் பாட்டு, வேளாளர் பாயிரம், பிரெஞ்சுக்காரர் உதவி. படுகையில் ஒரு பெரியவர் உருவாவது இப்படித்தான், பல கை பட்டு.

பிறகு வந்தவர்கள் நந்தனை இன்னும் வேறு வேலைகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். 1916-இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி நந்தனார் பெயரை வைத்தார். தீயில் இறங்கி மறைந்ததாகச் சொல்லப்பட்ட ஆளின் பெயரில் பிள்ளைகள் சிலேட்டு பிடித்தார்கள். என்னைக் கேட்டால் நந்தன் கதையின் மிக நல்ல திருத்தம் அதுதான். ஆனால் கீழத்தஞ்சை வயலில் வேலை செய்தவர்களில் ஒரு பகுதிக்கு நந்தனின் பொறுமை போதவில்லை. அதைக் கடைசியில் பார்ப்போம். அதற்குமுன் கடல்வழியாக வந்தவர்களைப் பார்த்துவிட வேண்டும்.

1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டினார்கள். மிளகு வாங்க வந்தவர்கள். எண்பத்தாறு வருஷம் கழித்து, 1706 ஜூலை 9-ஆம் தேதி, சீகன்பால்கு என்ற ஜெர்மன் இளைஞர் புளுட்சோவோடு அங்கே கப்பலில் வந்து சேர்ந்தார். இருவரும் மதம் பரப்ப வந்த லுத்தரன் (சீர்திருத்தக் கிறிஸ்தவ) போதகர்கள். வயது இருபத்து நான்கு. அவருக்கு முதல் தொல்லை கொடுத்தது இந்த ஊர்க்காரர்கள் அல்ல, சொந்தக் கோட்டையின் தளபதிதான். நான்கு மாதம் சிறையில் போட்டார். இவர் தமிழ் கற்றது மணலில் விரலால் எழுதிப் பழகும் திண்ணைப்பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து. 1714-இல் நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் தரங்கம்பாடியில் அச்சாயின, அடுத்த வருஷம் புதிய ஏற்பாடு முழுவதும் முடிந்தது. ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பருமனாக இருந்ததால் காகிதம் போதவில்லை. பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்கள். பொறையாரில் காகிதமும் செய்து பார்த்தார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்ற பேர் நின்றுவிட்டது.

ஆபிரகாம், மோசே, தாவீது, யோனா எல்லாரும் இப்படித்தான் படுகைக்குள் தமிழ் பேசிக்கொண்டு வந்தார்கள். கத்தோலிக்கக் குருமார் அவர்களை முன்பே கொண்டுவந்திருந்தாலும், காகிதத்தில் அச்சாகி வீட்டுக்கு வீடு போகத் தொடங்கியது இங்கிருந்துதான். வந்ததும் முதல் சிக்கல் கடவுளுக்கு என்ன பேர் வைப்பது என்பது. சீகன்பால்கு 'சர்வேசுரன்' என்றார். பின்னால் வந்த பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். 1871-இல் வந்த திருத்தம் 'தேவன்' என்றது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஊரில் ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருந்தார். சர்வேசுரன் என்றால் சைவர் காதில் சிவன் விழும். தேவன் என்றால் முப்பத்து முக்கோடியில் ஒருவராகிவிடுவாரே என்று கவலை. பழைய சொல்லில் பழகிய சபையார் புதிய சொல்லைச் சுலபமாக ஏற்கவில்லை. பைபிள் சமூகத்தை மாற்றியது என்று சொல்கிறவர்கள், அந்தப் பைபிளைத் தமிழ்ச் சொற்கள் எவ்வளவு மாற்றின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சீகன்பால்குவும் அவரோடு பணிசெய்த போதகர் கிரண்ட்லரும் ஒரு காரியம் செய்தார்கள். உள்ளூர்த் தமிழர்களுக்குக் கேள்வி எழுதி அனுப்பி, பதில் வாங்கினார்கள். 99 கடிதங்கள் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. எங்கள் வேதம் உங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டதற்கு வந்த பதில்களில் தத்துவம் மட்டும் இல்லை. நீங்கள் ஒழுங்காகக் குளிப்பதில்லை, மாட்டிறைச்சி தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள் என்று நேராகவே எழுதிவிட்டார்கள். இயேசுவைக் குறை சொல்வதைவிட இயேசுவின் ஆட்களைப் பார்த்து எடைபோடும் பழக்கம் அது. எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. ஊராரோடு பேசிப் பேசி, ஓலைச்சுவடி சேர்த்துச் சேர்த்து, சீகன்பால்கு தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். புறச்சமயத்தை ஒழிக்க ஆள் அனுப்பினால் அதை ஐரோப்பாவில் பரப்பப் பார்க்கிறாரே என்று அங்கே சலித்துக்கொண்டு கிடப்பில் போட்டார்கள். அது அச்சானது 1867-இல், சென்னையில். எழுதியவர் 1719-லேயே, முப்பத்தாறு வயதில், தரங்கம்பாடியில் இறந்துபோயிருந்தார்.

கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சி. இத்தாலியிலிருந்து வந்த கத்தோலிக்கத் துறவி வீரமாமுனிவர் இருந்து பணிசெய்த ஊர். லுத்தரன்களோடு காகிதத்தில் சண்டை போட்டுக்கொண்டே 1726-இல் தேம்பாவணியை முடித்தார்: 36 படலம், 3615 பாட்டு. நாயகர் இயேசு இல்லை, அவரை வளர்த்த தச்சர் யோசேப்பு. எபிரேயத்தில் அந்தப் பெயருக்குப் பெருகுதல் என்று பொருள் வருவதால் 'வளன்' என்று தமிழாக்கினார். யூதேயாவைப் பாடும் நாட்டுப்படலத்தைப் படித்தால் பாலஸ்தீனம் தெரியாது, வயலும் வாய்க்காலும் தாமரையுமாக மருதநிலம்தான் தெரியும்.

இது அவர் கண்டுபிடித்த உத்தி இல்லை. மாயவரம் பக்கத்துத் தேரழுந்தூர்க்காரரான கம்பர் அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே கோசல நாட்டைச் சோழ நாடாக்கியவர். 'வரம்பெலாம் முத்தம்' என்று அவர் பாடிய வரப்பு சரயு நதிக்கரை வரப்பு என்று யாராவது சொன்னால் எங்கள் ஊர்க்காரர் சிரிப்பார். அயோத்தியிலிருந்து வந்தாலும் பெத்லகேமிலிருந்து வந்தாலும் முதலில் முழங்கால் சேற்றில் இறங்கியாக வேண்டும்.

யோசேப்பு என்றதும் இன்னொரு யோசேப்பு ஞாபகத்துக்கு வருகிறார். இவர் தச்சர் இல்லை, பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் வரும் கனவுக்காரர். எகிப்து அரசனான பார்வோனின் கனவுக்குப் பொருள் சொல்லி, விளைந்த ஏழு வருஷம் தானியம் சேர்த்து, பஞ்சம் வந்த ஏழு வருஷம் எகிப்தைக் காப்பாற்றியவர். மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறக்காத வருஷம் ஒன்றில், எங்கள் பக்கத்து லுத்தரன் கோயிலில் இந்தக் கதையைப் பிரசங்கமாகக் கேட்டேன். நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்காகப் போயிருந்தேன். பிரசங்கம் உருக்கமாகத்தான் இருந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், குத்தகைக்கு உழுகிற ஒரு பெரியவர் ஐயரிடம் (அங்கே போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள்) மெதுவாகக் கேட்டார்: "ஐயரய்யா, நாற்பத்தேழாம் அதிகாரத்தை விட்டுட்டீங்களே?"

ஐயர் சிரித்தார். "அது நீளமாப் போயிடும் பெரியவரே."

"நீளத்துக்கு விடலீங்கய்யா, வெவகாரத்துக்கு விட்டீங்க" என்றார் பெரியவர்.

வீட்டுக்கு வந்து நாற்பத்தேழாம் அதிகாரத்தைப் படித்தேன். யோசேப்பு தானியத்தைச் சும்மா கொடுக்கவில்லை. முதலில் பணத்துக்கு விற்றார். பணம் தீர்ந்ததும் ஆடுமாடுகளுக்கு விற்றார். அதுவும் தீர்ந்தபோது ஜனங்கள் வந்து, எங்கள் நிலத்தையும் எங்களையும் வாங்கிக்கொள்ளும் என்றார்கள். வாங்கிக்கொண்டார். எகிப்து நிலமெல்லாம் பார்வோனுக்குப் போயிற்று, குடியானவர் அடிமைகளானார்கள். அதற்குமேல் விதைக்க வித்து கொடுத்து, விளைவில் ஐந்தில் ஒரு பங்கு பார்வோனுக்கு என்று ஏற்பாடு. ஆசாரியர்களின் நிலத்தை மட்டும் வாங்கவில்லை.

கடைசி வரியில் நான் நின்றுவிட்டேன். பிரமதேயம், தேவதானம், பள்ளிச்சந்தம், இறையிலி என்று, பிராமணருக்கும் கோயிலுக்கும் சமணப் பள்ளிக்கும் விட்ட நிலங்களையும் வரியில்லா நிலங்களையும் பற்றிச் சோழர் கல்வெட்டுகளில் படித்ததெல்லாம் கண்முன் வந்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு எந்த ஊர் எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்று இராசராசன் கல்லில் வெட்டினான், அளக்கும் மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று கடவுள் பெயர் வைத்தான். அளக்கும் படியே கடவுளாகிவிட்டால் அளப்பவன் எங்கே போய் வழக்கு சொல்வான்? மூவாயிரம் மைல் தூரத்து நைல் கதை, வாய்க்கால் தெரிந்தவனுக்கு உடனே பிடிபடுகிறது. அடுத்தமுறை அந்தப் பெரியவரைப் பார்த்தபோது அதிகாரத்தைப் படித்துவிட்டேன் என்று சொன்னேன். "அஞ்சுல ஒண்ணுதான் பார்வோனுக்கு. மிச்சம் நாலு உழுதவனுக்கு. எங்க அப்பாரு காலத்து மிராசுக்கு அந்தப் பார்வோனே தேவலைங்க" என்றார்.

அவர் மிகைப்படுத்தவில்லை. 1952-இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது வாரத்துக்கு உழுகிற வாரதாரருக்கு விளைவில் குறைந்தது ஐந்தில் இரண்டு பங்கு என்று நிர்ணயித்தார்கள். அதையே பெரிய வெற்றி என்று கொண்டாடினார்கள் என்றால் அதற்குமுன் கிடைத்தது எவ்வளவு என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த மண்ணில் யோசேப்பு வேலையை நல்லபடியாகச் செய்த ஒருவர் உண்டு. சுவார்ட்ஸ் ஐயர். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சியில் இருந்து, தஞ்சாவூரில் 1798-இல் இறந்தவர். 1781-இல் ஐதர் அலியின் படை தஞ்சைச் சீமைக்குள் புகுந்தது. கோட்டை தவிர மற்றதெல்லாம் அவர்கள் கையில். ஏரிமதகு உடைந்தது, மாடு போயிற்று, ஜனங்கள் கோட்டைக்குள் வந்து பட்டினியால் செத்தார்கள். 'ஐதர் காலம்' என்று பாட்டிமார் சொல்வது அதைத்தான். கோட்டைக்கு நெல் வேண்டும். குடியானவர்கள் நெல் கொண்டுவரத் தயாராக இல்லை, முன்பு கொண்டுவந்தபோது காசு வரவில்லை. சுவார்ட்ஸ் தன் வாக்கை ஈடாக வைத்தார், நெல் வந்தது, சொன்னபடி பணமும் போய்ச் சேர்ந்தது. அரண்மனை அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் ஊரைக் காலிசெய்த குடிகள் மன்னர் கூப்பிட்டும் வராமல், இவர் சொன்ன பிறகு திரும்பினார்கள் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதற்கு முன்பே 1779-இல் ஆங்கிலேயர் ஐதரிடம் தூது அனுப்பியபோதும் இவரைத்தான் அனுப்பினார்கள். இவர் பொய் சொல்லமாட்டார் என்று ஐதர் நம்பினார்.

அவர் சொன்ன மதத்தை ஏற்றவர்கள் எத்தனை பேரோ, அவர் சொன்ன சொல்லை ஏற்றவர்கள் அதைவிட அதிகம். மன்னர் துளஜா தான் தத்தெடுத்த பையன் சரபோஜிக்கு இவரையே காப்பாளராக இருக்கச் சொன்னார். சரபோஜி கிறிஸ்தவராகவில்லை. ஆனால் சுவார்ட்ஸ் இறந்ததும் லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனிடம் சொல்லிப் பளிங்கில் ஒரு சிற்பம் செய்வித்து வரவழைத்தார். தஞ்சாவூர் சிவகங்கைக் கோட்டை தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது: படுக்கையில் ஐயர், அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னர். பெரிய கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் நூறில் ஒருவர் அங்கே எட்டிப்பார்த்தால் அதிகம்.

சுவார்ட்ஸ் வளர்த்த இன்னொரு பிள்ளை வேதநாயக சாஸ்திரியார். திருநெல்வேலிப் பையன், சரபோஜியோடு ஒரே குருவிடம் படித்தவர். 1800-இல் அவர் பாடிய பெத்லகேம் குறவஞ்சியில் கதாநாயகி தேவமோகினி பெத்லகேம் நாதர் மேல் காதல் கொள்கிறாள், குறத்தி வந்து மலைவளம் சொல்கிறாள், குறி சொல்கிறாள். குற்றாலநாதருக்குப் பாடிய அதே சந்தம், அதே துள்ளல். மலைகள் மட்டும் விவிலிய மலைகள். குறவஞ்சியில் புதிய நிலவியலும் வானியலும்கூட எட்டிப்பார்க்கும். மூடநம்பிக்கையைக் கேலிசெய்து 'சாஸ்திரக்கும்மி'யும் பாடினார்.

இவ்வளவு துணிச்சல்காரர் ஓர் இடத்தில் நின்றுவிட்டார். 1820-களில் புதிதாக வந்த மிஷனரிகள், கோயிலில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரக் கூடாது, நற்கருணைக் கிண்ணமும் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார்கள். தஞ்சாவூர் வேளாளக் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள். அவர்களுக்காகப் பேனா எடுத்தவர் சாஸ்திரியார்தான். எங்கள் குருமார் இதை அனுமதித்தார்களே, நீங்கள் யார் மாற்ற என்பது வாதத்தின் சாரம். அதில் பொய்யும் இல்லை. சீகன்பால்கு காலத்திலிருந்தே தரங்கம்பாடிக் கோயிலில் சாதிப்படி பிரிந்துதான் உட்கார்ந்தார்கள். சாதி வேற்றுமையை உடனே, அடியோடு விட வேண்டும் என்று 1833-இல் கல்கத்தா ஆயர் வில்சன் எழுதிய சுற்றறிக்கை வந்தபோது, விட்டது சபையை என்று வெளியேறியவர்கள் உண்டு. சாஸ்திரியாரின் பாட்டுகளை நான் விரும்பிக் கேட்பவன். அதற்காக இதை மறைத்துப் பேச முடியாது. கழுதைமேல் வந்த ராஜாவை ரசிக்கத் தெரிந்தவருக்குப் பக்கத்துப் பாயில் உட்காருபவரைப் பொறுக்க முடியவில்லை. நந்தனுக்குக் கண்ணீர் விட்ட மிராசுதாரும் இவரும் அண்ணன் தம்பிதான்.

மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை வேறு ஆள். பேர்க்குழப்பம் வேண்டாம், இவர் கத்தோலிக்கர், 1826-இல் பிறந்தவர், தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் வெளியிட்டவர். பெண்கல்விக்கு எழுதினார், எல்லாச் சமயத்தாரும் பாடும்படி சர்வசமய சமரசக் கீர்த்தனை எழுதினார். ஆனால் ஊர் அவரை நினைத்தது 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்காக. சொந்தக் காசைப் போட்டுக் கஞ்சி ஊற்றினார். நிலத்தை எழுதி வாங்கவில்லை. அதைப் பார்த்து 'நீயே புருஷ மேரு' என்று ஒருவர் பாட்டுக் கட்டினார். யார் என்று நினைக்கிறீர்கள்? நந்தனைப் பாடிய அதே கோபாலகிருஷ்ண பாரதி. ஒரு சைவ பாகவதர் கத்தோலிக்க முன்சீப்பை மேருமலை என்று பாட ஒரு கஞ்சித்தொட்டி போதுமானதாக இருந்தது.

நாகூரையும் வேளாங்கண்ணியையும் பற்றித் தனியே எழுத நிறைய உண்டு. இங்கே ஒன்று மட்டும். நாகூர் தர்காவின் மிக உயரமான மினாராவைக் கட்டியது மராட்டிய மன்னர் பிரதாப சிங். வேளாங்கண்ணி மாதா முதலில் காட்சி கொடுத்ததாகச் சொல்லும் கதைகளில் வருவது பால் கொண்டுபோன பையனும், நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமான பிள்ளையும். பண்ணைக்காரர் கனவிலோ குருவின் கனவிலோ அவள் முதலில் வரவில்லை. ஆகஸ்டு கடைசியில் காவி உடுத்தி நடந்துபோகிற கூட்டத்தைப் பார்த்தால் அந்தக் கதையை யார் வளர்த்திருப்பார்கள் என்று விளங்கும்.

சரி, நந்தனின் பொறுமை போதாதவர்கள். 1943-இல் பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சைக்கு வந்தார். தாய்மொழி கன்னடம், பிறப்பில் பிராமணர், கம்யூனிஸ்டு. சேரியில் தங்கி, சேரியில் சாப்பிட்டு, பண்ணையாட்களைச் சங்கமாகச் சேர்த்தார். அப்போது சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் தண்டனை. அடித்தால் திருப்பி அடி என்றார். நந்தனிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதே இயக்கத்தில் பட்டுக்கோட்டை பக்கத்து வாட்டாக்குடியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பெயர் வெங்கடாசலம். மலாயாவில் நேதாஜியின் படையில் இருந்து திரும்பியவர். அவர் எடுத்துக்கொண்ட பெயர் இரணியன். புராணத்தில் தூண் பிளந்து கொல்லப்பட்டவன், சுயமரியாதைக்காரர் கையில் வீரனாகித் திரும்பியிருந்தான். பாரதிதாசன் அவனை நாயகனாக்கி எழுதிய நாடகம் 1934-இல் மேடையேறியது. பிரகலாதன் கதையைக் கேட்டு வளர்ந்த ஊரில் ஒருவர் இரணியன் பக்கம் சேர்ந்துகொண்டார். 1950 மே மாதம் போலீஸ் அவரைச் சுட்டுக் கொன்றது.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதிலிருந்து வந்த பகை அது. கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. வசதியான மனிதர்கள் தாங்களே நடந்துபோய் இதைச் செய்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்று தீர்ப்பில் எழுதினார்கள். இது நடந்த பிறகு காந்திய வழியில் நின்ற கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இந்தப் பக்கம் வந்து, மிராசுதார்களிடம் பேசியும் போராடியும் நிலம் வாங்கி, உழுகிற குடும்பங்களின் பெண்கள் பெயரில் எழுதிவைத்தார்கள். யோசேப்பு எழுதிய பத்திரத்தைத் திருப்பி எழுதிய மாதிரி.

ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 25 காலையில் திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போகிற சாலையில் கூட்டம் அதிகம். வேளாங்கண்ணிக்குப் போகிற வேன்களில் நட்சத்திரமும் பாட்டும். கூடவே செங்கொடி கட்டிய வண்டிகளும் வரும். கீழ்வேளூர் வரை எல்லாம் ஒன்றாகவே ஊர்ந்து போகும். அங்கே கொடி கட்டிய வண்டிகள் தெற்கே தேவூர் சாலையில் திரும்பும், மற்றவை நேரே போகும்.